கருத்தரிக்கும் நாளைத் தேடிய இரண்டாயிரம் ஆண்டுகள்

மாதவிலக்கு முடிந்த கையோடு வரும் நாட்களே கரு தங்க ஏற்றவை என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் சொரானஸ் எழுதினார். சுஸ்ருத சம்ஹிதை 12 இரவுகளை ருது காலம் என்றது. சுஸ்ருதரின் கணக்கில் கருத்தரிக்கும் நாட்களில் சிலவாவது அடங்கும். சொரானஸின் கணக்கில் அதுவும் அரிது.

பெரிய பிழை நேர்ந்தது நுண்ணோக்கி வந்த பிறகுதான். 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் பெண் நாயின் சினைப்பையில் கருமுட்டையைக் கண்டார். இனச்சேர்க்கை நடக்காவிட்டாலும் நாய்க்குச் சினைப்பருவத்தில் கருமுட்டை வெளிவரும் என்று 1840களில் தியோடர் பிஷோஃப் நிறுவினார். அந்தப் பருவத்தில் நாய்க்கு உதிரம் கசியும். பெண்ணின் விலக்கும் அதுவே என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு விலக்குகளுக்கு நடுப்பட்ட நாட்களில் பயமில்லை என்று மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். கருத்தரிக்க அதிக வாய்ப்புள்ள நாட்களே அவை. நாயின் உடலைப் பார்த்துப் பெண்ணின் உடலுக்கு விதி எழுதியதன் விலையைப் பெண்களே கொடுத்தார்கள்.

கணக்கைத் திருத்தியவர் ஜப்பானின் நீகாதா நகர மருத்துவர் கியூசாகு ஓகினோ. அறுவைக்காக வயிற்றைத் திறக்கும்போதெல்லாம் சினைப்பையின் நிலையைக் குறித்துக்கொள்வார்; அந்தப் பெண்ணுக்கு அடுத்த விலக்கு எப்போது வருகிறது என்று காத்திருந்து ஒப்பிடுவார். கருமுட்டை வெளிப்படும் நாளை முந்தைய விலக்கிலிருந்து எண்ணினால் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அடுத்த விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 12 முதல் 16 நாட்களுக்குள் அடங்குகிறது. 1924இல் ஜப்பானிய மொழியிலும் 1930இல் ஜெர்மனிலும் இதை வெளியிட்டார். ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாவ்ஸ் தனியே ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். குழந்தைக்கு ஏங்குவோருக்கு உதவவே ஓகினோ விரும்பினார். உலகமோ அதைக் கருத்தடை முறையாக எடுத்துக்கொண்டது.

ஆனால் அடுத்த விலக்கு வரும் நாள் யாருக்கு முன்கூட்டித் தெரியும்? சுழற்சி ஒரு வாரம் தள்ளிப்போனாலே கணக்கு கவிழ்ந்துவிடும். 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் இந்த நாள்கணக்கு முறையைச் சோதித்தார். எழுத்தறியாத பெண்களுக்கு நிறம் நிறமாக மணிகள் கோத்த மாலை: பச்சை மணி பாதுகாப்பான நாள், சிவப்பு மணி கரு தங்கும் நாள். தினமும் ஒரு மணியை நகர்த்த வேண்டும். பெரும்பாலோர் தொடரவில்லை. பெண்களின் அறியாமையே காரணம் என்று சொல்வது எளிது. மணிமாலை சராசரியை மட்டுமே காட்டும், அந்த மாதத்து உடலைக் காட்டாது என்பதே முதன்மையான குறை.

உடல் தரும் சாட்சியங்கள் வேறு. காலையில் எழுந்ததும் அளக்கும் உடல்வெப்பம் சுழற்சியின் பிற்பாதியில் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. 1934இல் பிரித்தெடுக்கப்பட்ட புரோஜெஸ்டிரோன் ஹார்மோனே இதற்குக் காரணம். ஆனால் கருமுட்டை வெளிவந்த பிறகே வெப்பம் ஏறும். முன்னறிவிப்புக்கு அது உதவாது.

முன்னறிவிப்பு தருவது கருப்பைவாய்த் திரவம். 1953இல் மெல்போர்னில் நரம்பியல் மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் பெண்களிடமே விசாரிக்கத் தொடங்கினார். சில நாட்கள் வறட்சி, பிறகு பிசுபிசுப்பு, அதன்பின் பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல் தெளிவாய், வழுக்கலாய், நூல்போல இழுபடும் கசிவு. இந்த மாற்றங்கள் அவர்களுக்குப் புதியவை அல்ல. பலர் நோயோ என்று அஞ்சி வெளியே சொல்லாமல் இருந்தார்கள். அவர் மனைவி ஈவ்லினும் ஆய்வில் சேர்ந்தார். ஹார்மோன் ஆய்வாளர் ஜேம்ஸ் பிரௌனின் அளவீடுகள் பெண்களின் குறிப்புகளோடு ஒத்துப்போயின. இந்த வரலாற்றில் பெண் தன் உடலைப் பற்றிச் சொன்னதே முதன்மைச் சான்றானது இங்குதான்.

பின்னர் உலக சுகாதார நிறுவனம் பெங்களூர், மணிலா, ஆக்லாந்து, டப்ளின், சான் மிகேல் ஆகிய ஐந்து இடங்களில் 869 பெண்களுக்கு இந்தத் திரவ முறையைக் கற்பித்தது. முதல் சுழற்சியிலேயே 93 சதவீதத்தினர் தங்கள் திரவ மாற்றங்களைத் தெளிவாகப் பதிவு செய்தார்கள். அடையாளம் காண்பது கைவந்தாலும் கட்டுப்பாடு கைவரவில்லை: ஓராண்டில் 100 பெண்களில் ஏறக்குறைய 20 பேர் கருவுற்றார்கள். அந்தக் கர்ப்பங்களில் பெரும்பாலானவை வளமான நாள் என்று தெரிந்தே சேர்ந்திருந்ததால் வந்தவை.

1995இல் ஆலன் வில்காக்ஸ் குழு 221 பெண்களின் அன்றாடச் சிறுநீரைச் சோதித்து, கருத்தரிப்பு நிகழ்வது கருமுட்டை வெளிப்படும் நாளோடு முடியும் ஆறு நாட்களில் மட்டுமே என்று காட்டியது. ஆனால் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் அந்த நாட்களைக் காட்டும் வெப்பம், திரவம் ஆகிய அறிகுறிகள் குழப்பமாகவே வரும். அவர்களுக்கு மருத்துவரின் துணை கட்டாயம் தேவை.