ரோசாப்பூ துரையும் விருதுநகரும்

விருதுநகரின் வரலாற்றைப் பேசுவோர் அதன் வணிகத்தையும் காமராசரையும் தவறாது குறிப்பிடுவர். அக்காமராசருக்காக நீதிமன்றத்தில் நின்ற வழக்கறிஞரை நினைவுகூர்வோர் மிகச் சிலரே. அவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

1887 ஜூன் 5-ஆம் நாள் செங்கன்னூரில் பிறந்த இவர், எடின்பரோவில் தத்துவமும் இலண்டனில் சட்டமும் பயின்று 1909-இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்டு தொழில் நடத்தினார். அன்னி பெசன்ட்டின் தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபட்டார். 1918-இல் மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கம் உருவாகத் துணைநின்றார்.

அவர் தொண்டின் சிகரம், குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நடத்திய போராட்டமாகும். பிறப்பையே குற்றமாக்கிய அச்சட்டம், பிரமலைக் கள்ளர் மக்களைக் கைரேகை பதிக்கப் பணித்தது. மறுத்துநின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். சட்டத்தின் கொடுமையை ஜோசப் வழக்கு மன்றத்திலும் பத்திரிகைகளிலும் எடுத்துரைத்தார். ஜோசப் என்னும் பெயர் கிராமத்தார் நாவில் 'ரோசாப்பூ துரை' ஆயிற்று என்பர்.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது வருவாய் மிக்க தொழிலைத் துறந்து சிறை புகுந்தார். 1924-இல் வைக்கம் போராட்டத்தில் முன்நின்றபோது, அது இந்துக்கள் தாமே தீர்க்கவேண்டிய சிக்கல் என்று காந்தியடிகள் அவரை விலகியிருக்கச் சொன்னார். சமயத்தைக் காட்டி அங்கே வெளியே நிறுத்தப்பட்டவரை, மதுரைச் சீமையின் சிற்றூர் மக்கள் தம்முள் ஒருவராகவே கொண்டாடினர். இம்முரண் எண்ணத்தக்கது.

1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் இளைஞர் காமராசர் சிக்கவைக்கப்பட்டார். அன்று தண்டனை விதிக்கப்பட்டிருப்பின் தமிழக அரசியல் வேறு திசையில் சென்றிருக்கக்கூடும். ஜார்ஜ் ஜோசப்பும் வரதராஜுலு நாயுடுவும் அவருக்காக வாதாடினர். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்பது புலனாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1937-இல், காமராசர் சாத்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சென்னைச் சட்டமன்றம் புகுந்தார்.

அதே ஆண்டு மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்கள் அடங்கிய தொகுதியிலிருந்து ஜோசப் மத்திய சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விருதுநகரும் சிவகாசியும் அந்நாளில் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. எனினும் அப்பதவியில் நெடுநாள் இருக்க அவருக்கு வாய்க்கவில்லை. 1938 மார்ச் 5-ஆம் நாள், ஐம்பதாம் வயதில், மதுரையில் மறைந்தார். அவர் எதிர்த்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கப்பட்டது; அந்நாளைக் காண அவர் இல்லை.

மதுரை யானைக்கல்லில் நிற்கும் சிலை அவரை நினைவூட்டுகிறது. விருதுநகரில் காமராசர் பெயர் ஒலிக்கும் இடங்களிலெல்லாம் அவ்வழக்கறிஞரின் குரலும் உடன் ஒலிப்பதாகவே கொள்ளவேண்டும்.