ஆல்ஃபா 60-ன் விசாரணை

1965ல் வந்த கோதாரின் ‘ஆல்ஃபாவில்’, துப்பறியும் படத்தின் மழைக்கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்ட விஞ்ஞானக் கற்பனை. பெர்லின் விழாவில் அந்த வருஷமே தங்கக் கரடி பரிசு பெற்றது. வேற்றுலக நகரம் என்கிறார்கள். ஆனால் செட் எதுவும் கிடையாது. அன்றைய பாரீஸின் கண்ணாடிக் கட்டிடங்களையே ரவுல் கூடார் இரவில் படம்பிடித்தார். நகரை ஆளும் ஆல்ஃபா 60 என்ற கம்ப்யூட்டருக்கு, குரல்வளையை இழந்த ஒருவர் கருவி வைத்துப் பேசிய குரல். மனைவி செத்ததற்கு அழுதான் என்று ஒருவனை நீச்சல் குளத்தில் நிறுத்திச் சுடுகிறார்கள். தர்க்கத்துக்குப் புறம்பாக நடந்துகொண்டது அவன் குற்றம்.

காதல் யந்திரத்தை வென்ற கதையாக இப்படத்தைப் புகழ்வது வழக்கம். எனக்கு அந்த முடிவு கொஞ்சம் மலிவாகவே படுகிறது. படத்தின் பலம் அதன் அகராதியில் இருக்கிறது. ஹோட்டல் அறையில் பைபிள் என்று வைத்திருப்பது அகராதி. அதிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. ‘ஏன்’ என்று யாரும் கேட்கக் கூடாது. ‘ஏனென்றால்’ மட்டும் சொல்லலாம்.

நீதிபதிகளுக்குத் தெரிந்தவற்றில் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர முடியாதது என்ன இருக்கிறது என்று கேட்டவர் ஜான் மெக்கார்த்தி. ‘செயற்கை அறிவு’ என்று இத்துறைக்குப் பெயரிட்டவர். 1976ல் தம் புத்தகத்தில் இக்கேள்வியை எடுத்துக்கொண்ட ஜோசஃப் வைஸன்பாம், முடியுமா என்ற விவாதத்தையே ஒதுக்கினார். முடிந்தாலும் சில காரியங்களை யந்திரத்திடம் ஒப்படைக்கலாகாது என்பது அவர் கட்சி. எலைஸா என்ற பேசும் நிரலை எழுதியவரே இப்படிச் சொன்னதால் சகாக்களுக்கு அது ரசிக்கவில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் 2013ல் கைதான ஒருவருக்கு 6 வருஷச் சிறை கிடைத்தது. மீண்டும் குற்றம் செய்யக்கூடியவர் என்று காம்பாஸ் என்ற மென்பொருள் போட்ட மதிப்பெண் நீதிபதியின் முன் இருந்தது. எப்படிப் போட்டார்கள் என்று கேட்டால், அது கம்பெனியின் வியாபார ரகசியம்.

கோதாரின் துப்பறிவாளனோ, நகரும் மைக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, தன்னை விசாரிக்கும் யந்திரத்துக்கே ஒரு விடுகதை போடுகிறான். அது திணறுகிறது. விஸ்கான்ஸினில் விடுகதை போடக்கூட எதிரே யந்திரம் இல்லை. அங்கி அணிந்த மனிதர்தான் இருந்தார், எண் கோப்புக்குள் இருந்தது. 2016ல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. மதிப்பெண்ணே தண்டனையைத் தீர்மானிக்கக் கூடாது என்றது. கணக்கு முறை ரகசியமானது என்ற எச்சரிக்கையை இனி அறிக்கையோடு சேர்த்து நீதிபதிக்குத் தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது.