தாள் காத்த மண்

அறுவடை முடிந்த கோதுமை வயலில் வேரோடு எஞ்சி நிற்பது தாள். கதிரடித்தபின் சிதறிக் கிடப்பது வைக்கோல். இவ்விரண்டையும் குப்பையென எண்ணி எரிப்பதும் ஆழ உழுது புதைப்பதும் மேனாட்டுக் கமக்காரர் பலரின் நெடுங்கால வழக்கமாகும். துரும்பொன்றும் தோன்றாத வயலே நல்ல கமக்காரனுக்கு அடையாளம் என்பது அவர்களது துணிபு. அத்துணிபுக்கு வட அமெரிக்கச் சமவெளி கொடுத்த விலை யாது, அதனாற் கற்ற பாடம் யாது என்பவற்றை, நேயர்களே, ஈண்டு நோக்குவோம்.

றொக்கி மலைகளுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் அச்சமவெளி மழை குறைந்தது, காற்று மிகுந்தது. அங்கே மண்ணைப் பற்றி நின்றவை புல்லின் வேர்கள். 1837 இல் இலினோய் மாநிலத்துக் கொல்லரான யோன் டியர் ஆக்கிய உருக்குக் கலப்பை புல்வெளிகளை உழவுக்குத் திறந்துவிட்டது. முதலாம் உலகப் போர் மூண்டதும் கோதுமையின் விலை ஏறியது. 1917 இல் அமெரிக்க அரசாங்கம் புசலொன்றுக்கு இரண்டு டொலருக்குக் குறையாத விலையை உறுதிசெய்தது. உழவு இயந்திரமும் கைக்கு வந்தது. 1925 முதல் 1930 வரை தென்சமவெளியில் மட்டும் 50 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட புல்நிலம் புதிதாக உழப்பட்டது.

ஈரத்தைச் சேமிக்கும் பொருட்டு நிலத்தை இடையிடையே பயிரிடாது விட்டு, களை முளைக்குந்தோறும் உழுது மண்ணைத் துகளாக்கினர். 1931 இல் வறட்சி தொடங்கியது. 1932 இல் புசலின் விலை அரை டொலருக்கும் கீழே வீழ்ந்தது. விளைவு பொய்த்த நிலத்தில் தாளும் இல்லை. மூடுவதற்கு யாதொன்றும் இல்லாத மண் காற்றோடு எழுந்தது. 1934 மே மாதத்தில் அத்தூசி நியூயோர்க், வாசிங்டன் நகரங்களை மூடி, அத்திலாந்திக் கடலிற் சென்ற கப்பல்கள் மீதும் படிந்தது. 1935 ஏப்ரல் 14 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நண்பகற் பொழுதின் பின் பகல் இரவாயிற்று. கடனும் தூசியும் வருத்த, இலட்சக்கணக்கானோர் வீடு துறந்து வெளியேறினர்.

மண்ணரிப்பு நாட்டுக்கே கேடு என 1928 முதலே எச்சரித்து வந்தவர் ஹியூ பெனற் என்னும் மண்ணியலறிஞர். 1935 ஏப்ரல் 27 இல் மண்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அவர் தலைமையில் அதற்கெனத் திணைக்களமும் அமைந்தது.

ஆயினும் களையைக் கொல்ல உழவேண்டும்; உழுதால் தாள் புதையும். இச்சிக்கலை அவிழ்க்க முயன்றோருள் ஒருவர் கனடாவின் அல்பேட்டா மாகாணத்துச் சாள்ஸ் நோபிள். 1916 இல் 1,000 ஏக்கரில் 54,000 புசலுக்கு மேல் கோதுமை விளைவித்துப் புகழெய்திய அவர், 1922 இல் கடனால் நிலத்தை இழந்தவர். 1930களின் நடுப்பகுதியில் அவர் அமைத்த அலகு மண்ணுக்கடியிற் சென்று களையின் வேரை அறுத்தது. தாளோ மேலே நின்றது. 1938 முதல் நெபிறாஸ்காவில் டூலி, றசல் என்னும் ஆய்வாளர் இருவர் இம்முறையை ஆராய்ந்தனர். வெற்று மண்ணில் விழும் மழைத்துளி அதன் மேற்பரப்பை அடித்து இறுக்கி நீர் புகாது தடுக்கும் என்பதும், வைக்கோற் போர்வை அவ்வடியைத் தாங்கி நீரை உட்செலுத்தும் என்பதும் புலனாயின. மேலும் தாள் நிலத்தருகே காற்றைத் தணிக்கும், வெயிலை மறைக்கும், உக்கியபின் மண்ணைக் கட்டுக்கோப்பாக்கும்.

எனினும் இம்முறையில் இடர்களும் இருந்தன. கோதுமை வைக்கோலில் நைதரசன் ஒரு பங்காயின் காபன் ஏறக்குறைய 80 பங்கு. அதனை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் போதாத நைதரசனை மண்ணிலிருந்து கவர்ந்துகொள்வதால், அடுத்த பயிர் சிலகாலம் மஞ்சளித்து நிற்கும். வைக்கோலை மண்ணோடு கலந்தால் இத்தட்டுப்பாடு மிகும். மேலே விட்டால் குறையும். தாளில் தங்கும் சில நோய்களும் அடுத்த பயிரைத் தாக்கும். அயலாரின் ஏளனமும் சேர்ந்தது: அவர்கள் இதனைக் குப்பைக் கமம் என்றனர்.

1943 இல் எட்வேட் போக்னர் என்பார் கலப்பையையே குற்றஞ்சாட்டி நூலெழுதியபோது பெரும் வாதம் எழுந்தது. 1962 இல் கென்ரக்கி மாநிலத்து ஹரி யங் என்னும் கமக்காரர் உழாத நிலத்திற் சோளம் விதைத்து வெற்றி கண்டார். களைகொல்லி மருந்துகள் இதற்குத் துணைநின்றன. அவற்றை நம்பியிருத்தல் பின்னர் வேறொரு கவலையாயிற்று.

ஆகவே தாளை விடுதல் ஒன்றே எல்லா நோய்க்கும் மருந்தென்று கொள்ளுதல் தகாது. ஆயினும் அச்சமவெளியிற் பறந்த மண் ஒன்றைத் தெளிவாக்கியது: வயலிலிருந்து எவ்வளவு கொண்டுசெல்கிறோம் என்று எண்ணும் கமக்காரன், எவ்வளவு விட்டுச்செல்கிறோம் என்பதையும் எண்ணவேண்டும்.