யுரேனியமும் எச்சமும்

பொருள்களைப் பிரித்தறிதல் இரசாயனவியலின் தொன்மையான தொழிலாகும். பிரித்தெடுத்தவற்றுள் எது பயன், எது கழிவு என்பதைப் பொருளின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. தேடுவோன் நோக்கமும் தீர்மானிக்கின்றது. இவ்வுண்மையை யுரேனியத்தின் வரலாறு போலத் தெளிவாக உணர்த்துவது பிறிதொன்றில்லை எனலாம்.

1789 ஆம் ஆண்டிற் பேர்லின் நகரத்து இரசாயன அறிஞர் கிளாப்புரொத்து, பிச்சுபிளெண்டு என்னும் கருநிறத் தாதுவில் ஒரு புதிய மூலகம் உண்டெனக் கண்டார். எட்டு ஆண்டுகட்கு முன் அறியப்பட்ட யுரேனசுக் கோளின் பெயரை அதற்கு இட்டார். எனினும், அவர் உலோகமெனக் கருதியது உண்மையில் அதன் ஒட்சைட்டே. 1841 இல், பெலிகோ என்ற பிரெஞ்சு அறிஞர் யுரேனியம் குளோரைட்டைப் பொற்றாசியத்துடன் சூடாக்கி உண்மையான உலோகத்தைப் பெற்றார். யுரேனியம் நைத்திரேற்று ஈதரிற் கரையும் என்பதையும் அவர் மறு ஆண்டிற் கண்டறிந்தார். அச்சிறு செய்தியின் பெருமையை அக்காலத்தார் உணர்ந்திலர்.

அந்நாளில் யுரேனியத்தை வேண்டியவர் கண்ணாடித் தொழிலாளரே. பொகிமியாவிலுள்ள யோகிம்சுதால் சுரங்கத்துத் தாதுவினின்று கண்ணாடிக்கு மஞ்சள் நிறமூட்டும் உப்புக்களை எடுத்தபின், எஞ்சியதைக் கழிவெனக் கொட்டினர். அக்கழிவையே கியூரி தம்பதியர் கேட்டுப் பெற்றனர். 1898 இல் றேடியம் உண்டென அறிவித்த அவர்கள், டன் கணக்கான எச்சத்தைக் காய்ச்சியும் வடித்தும் 1902 இல் ஒரு கிராமின் பத்திலொரு பங்களவான றேடியம் குளோரைட்டைப் பெற்றனர். அதன்பின் நிலைமை தலைகீழாயிற்று: றேடியம் அரும்பொருளாகவும் யுரேனியம் எச்சமாகவும் கருதப்பட்டன.

1938 ஆம் ஆண்டின் இறுதியில் ஆன், சுத்திராசுமன் ஆகியோரின் ஆராய்ச்சி, யுரேனிய அணு பிளவுபடுதலைப் புலப்படுத்தியது. அணுச்சத்தியைப் பெற மிகத் தூய யுரேனியம் வேண்டும். போரன் போன்ற மாசுகள் சிறிதளவு இருப்பினும் நியூத்திரன்களை விழுங்கிவிடும். 1942 இல் அமெரிக்க விஞ்ஞானி கொம்ற்றன், சென் லூயிசு நகரத்து மலின்குறொட் நிறுவனத்தாரை நாடினார். மயக்க மருந்தான ஈதரைக் கையாண்டு பழகியவர் அவர். யுரேனியத்தை நைத்திரிக்கமிலத்திற் கரைத்து, அக்கரைசலை ஈதருடன் கலக்கினால், யுரேனிய உப்பு ஈதரினுட் புகும். மாசுகள் நீரில் எஞ்சும். பின் தூய நீரால் உப்பை மீட்கலாம். நூறாண்டுகட்கு முன் பெலிகோ கண்ட உண்மை இவ்வாறு பயனளித்தது. அறுபது டன் அளவில் தூய யுரேனியச் சேர்வை சிக்காகோ ஆராய்ச்சிக்குச் சென்றது. 1942 திசெம்பர் 2 ஆம் நாள் முதலாவது அணு உலை இயங்கிற்று.

ஈதர் எளிதில் தீப்பற்றுவதாகையால், பிற்காலத்தில் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயிற் கரைத்த திரிபியூற்றைல் பொசுபேற்று அதன் இடத்தைப் பெற்றது. ஆனால் எச்சம் ஒழியவில்லை. சென் லூயிசு ஆலையின் கழிவுகள் 1946 முதல் விமான நிலையத்தருகே குவிக்கப்பட்டன. அங்கிருந்து கதிர்த்தொழிற்பாட்டு மாசு கோல்டுவாற்றர் என்னும் ஓடையிற் கலந்தது. அதனை அகற்றும் பணியை அமெரிக்க இராணுவப் பொறியியற் படையினர் 1997 முதல் நடத்தி வருகின்றனர்.

யோகிம்சுதாலின் எச்சம் ஓர் அரும்பொருளைத் தந்தது. சென் லூயிசின் எச்சமோ பின்வந்தோர்க்குப் பெருஞ்சுமையாயிற்று. எனவே, பிரித்தெடுப்பவன் தான் கொள்வதை மட்டுமன்றித் தான் விட்டுச் செல்வதையும் ஆராய்தல் வேண்டும். இரசாயனம் பயிலும் மாணவர் இதனை மனத்திருத்துவாராக.