விஷ்ணுவுக்கு எத்தனை கை?

எங்க பெரியப்பா சார்பதிவாளர் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். போலிப் பத்திரத்தை மோந்து பார்த்தே கண்டுபிடிச்சிடுவார்னு ஊரில் ஒரு பேர் உண்டு. நான் ஸ்கூல் படிக்கும்போது எனக்கே ஒரு தடவை சொல்லிக் கொடுத்திருக்கார். முதல்ல முத்திரைத்தாளைத் திருப்பிப் பாரு, பின்பக்கம் ஸ்டாம்ப் வெண்டர் வித்த தேதி இருக்கும். பத்திரம் எழுதின தேதி அதுக்கு முந்தினதா இருந்தா கதை முடிஞ்சது, மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடப் போகவில்லை. 1977லேர்ந்து ஒரு தேர்தலைத் தவறவிட்டதில்லை. உடம்பு சரியில்லையோன்னு பதறிப்போய் போன் பண்ணினால், "யாருக்குப் போட்டா என்னடா, முடிவு பண்றவன் வேற எங்கேயோ உக்காந்திருக்கான்" என்கிறார்.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு நீளமான ஃபார்வர்ட் போட்டிருந்தார். உலகத்தில் இருக்கிற எல்லா அரசாங்கத்தையும், எல்லா பேங்கையும், எல்லா டிவியையும் ஏழெட்டுக் குடும்பங்கள்தான் ஆட்டி வைக்குதாம், தேர்தலெல்லாம் நமக்குக் காட்டுற பொம்மலாட்டமாம். நான் சும்மா இருக்காமல் ஒரு மறுப்புக் கட்டுரையைத் தேடிப் போட்டேன். உடனே பதில் வந்தது: "இந்த மறுப்பு எழுதறவனுக்குப் படி அளக்கறது யாரு?"

இந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாமல்தான் பழைய கதைகளைப் படிக்க ஆரம்பிச்சேன். பொய்ச் செய்தியால் ஜனநாயகத்துக்கு நிஜமாவே ஆபத்தா, இல்லை வெறும் பூச்சாண்டியா என்பதுதான் என் சந்தேகம்.

முதலில் பூச்சாண்டி கட்சிக்கு ஒரு உதாரணம். 1924 அக்டோபர், பிரிட்டன். தேர்தலுக்கு நாலு நாள்தான் பாக்கி. ரஷ்ய கம்யூனிஸ்ட் தலைவர் ஸினோவியேவ் எழுதியதாக ஒரு கடிதத்தை டெய்லி மெயில் பத்திரிகை வெளியிட்டது. பிரிட்டனில் புரட்சிக்குத் தயாராகுங்கள் என்கிற மாதிரி. ஆட்சியில் இருந்த தொழிற்கட்சி தோற்றது. கடிதம் போலி என்பதுதான் இன்றைய வரலாற்றாசிரியர்கள் அநேகமாக எல்லாருடைய முடிவு. ஆனால் கணக்கைப் பாருங்க. தொழிற்கட்சி வாங்கிய ஓட்டு முந்தின தேர்தலைவிட சுமார் 10 லட்சம் கூடியிருந்தது! உண்மையில் மண்ணைக் கவ்வியது லிபரல் கட்சி, 158 இடத்திலிருந்து 40க்கு இறங்கியது. அந்தக் கடிதம் இல்லாவிட்டாலும் கன்சர்வேடிவ் கட்சி ஜெயித்திருக்கும் என்றுதான் நிறைய பேர் சொல்றாங்க. ஓட்டுப்பதிவுக்கு முந்தின ராத்திரி வர்ற புரளியைப் பார்த்து நாம பயப்படுற அளவுக்கு அதுக்கு சக்தி கிடையாதுன்னு எனக்குத் தோணுது.

எனக்குப் பயம் வேற ஒரு போலி மேல. அதுக்கு எந்தத் தேர்தலும் இலக்கு இல்லை.

கதை பாரிஸில் ஆரம்பிக்குது. மோரிஸ் ஜோலி என்று ஒரு வக்கீல். அப்போ பிரான்ஸை ஆண்டவர் மூன்றாம் நெப்போலியன். 1848ல் ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆகி, 1851ல் சொந்த அரசாங்கத்தையே கவிழ்த்து, அடுத்த வருஷம் சக்ரவர்த்தியாக முடிசூட்டிக்கொண்ட மகானுபாவர். நேரடியாகத் திட்டினால் ஜெயில் என்பதால் ஜோலி ஒரு தந்திரம் செய்தார். நரகத்தில் மாக்கியவெல்லியும் மாண்டெஸ்க்யூவும் சந்தித்துப் பேசுவதாக ஒரு புத்தகம் எழுதினார். மாண்டெஸ்க்யூ சட்டம், சுதந்திரம் என்று பேசுவார். மாக்கியவெல்லி சிரித்துக்கொண்டே, தேர்தல், பாராளுமன்றம், பத்திரிகை எல்லாத்தையும் அப்படியே வெச்சுக்கிட்டு உள்ளே இருக்கிற சரக்கை மட்டும் எப்படி உருவி எடுக்கறதுன்னு கிளாஸ் எடுப்பார். 1864ல் பிரஸ்ஸல்ஸில் அச்சாகி, கள்ளத்தனமாக பிரான்ஸுக்குள் வந்தது. தந்திரம் பலிக்கவில்லை. ஜோலிக்கு 15 மாதம் ஜெயில்.

அந்தப் புத்தகத்தில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

அடுத்த காட்சி ரஷ்யப் பேரரசு, 1903. கிஷினேவ் என்ற ஊர். (இன்றைக்கு மால்டோவா நாட்டின் தலைநகர்.) பக்கத்து ஊரில் ஒரு சிறுவன் கொலை செய்யப்பட்டுக் கிடந்தான். செய்தது அவனுடைய சொந்தக்காரர் ஒருவர். ஆனால் பாவெல் குருஷெவான் என்பவர் நடத்திய உள்ளூர்ப் பத்திரிகை, யூதர்கள் தங்கள் சடங்குக்காக ரத்தம் எடுக்கக் கொன்றார்கள் என்று எழுதித் தள்ளியது. அந்த வருஷ ஈஸ்டர் சமயத்தில் கலவரம். 49 யூதர்கள் செத்துப்போனார்கள். வீடுகளும் கடைகளும் நூற்றுக்கணக்கில் நாசம்.

குழந்தை என்று வந்துவிட்டால் மனுஷனுக்கு மூளை நின்றுவிடுகிறது. நாம ஒண்ணும் ஒசத்தி இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க நின்ற இடத்தில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸப்பில் புரளி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஊரே சேர்ந்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருத்தர் செத்துப்போனார். வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரே தடவையில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்ட் பண்ண முடியாமல் கட்டுப்பாடு கொண்டுவந்தது அந்த வருஷம்தான்.

சரி, குருஷெவானுக்கு வருவோம். கிஷினேவ் ரத்தம் காய்ந்து நாலைந்து மாதத்தில், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்து நடத்திய தன்னுடைய இன்னொரு பத்திரிகையில் அவர் ஒரு தொடர் வெளியிட்டார். யூதத் தலைவர்கள் ரகசியமாகக் கூடி உலகத்தைப் பிடிக்கத் திட்டம் போட்டதன் நடவடிக்கைக் குறிப்புகளாம். எங்க பாஷையில் சொன்னால் மீட்டிங் மினிட்ஸ் :-) 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்று பின்னாளில் உலகம் பூரா சுற்றியது இதுதான். மொத்தம் 24 அத்தியாயம். பத்திரிகைகள் எங்க கையில், பேங்குகள் எங்க கையில், தேர்தல் எங்க பொம்மலாட்டம். பெரியப்பாவின் ஃபார்வர்டில் பெயர்களை மட்டும் மாற்றிப் பாருங்க. இதை எழுதியது யார் என்பதில் ரஷ்ய ரகசியப் போலீஸ் மேல் ரொம்ப நாளாக சந்தேகம் இருந்தது, ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

கொஞ்ச வருஷம் இதை யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 1917 புரட்சி வந்ததும் நாட்டை விட்டு ஓடின ரஷ்யர்கள் மூட்டை முடிச்சோடு இதையும் கொண்டுபோனார்கள். 1920ல் ஜெர்மன், ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்தன. லண்டன் டைம்ஸே அந்த வருஷம் மே மாதம், இது நிஜமாக இருந்தால் என்ன ஆவது, விசாரிக்க வேண்டாமா என்று கவலையோடு கட்டுரை எழுதியது.

அதே டைம்ஸ்தான் அடுத்த வருஷம் உடைத்தும் போட்டது. கான்ஸ்டான்டினோப்பிளில் அதன் நிருபர் ஃபிலிப் கிரேவ்ஸ். அவரிடம் ஒரு ரஷ்ய அகதி பழைய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தலைப்புப் பக்கம் கிடையாது. முதுகில் 'ஜோலி' என்று மட்டும் இருந்தது. முன்னுரைக்கு அடியில் தேதி: ஜெனீவா, 1864 அக்டோபர் 15. மூப்பர்கள் கூடியது 1897ல் பாஸல் நகர மாநாட்டில் என்று கட்டிவிட்டவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் முத்திரைத்தாள் தேதி 33 வருஷம் இடிக்குது!

கிரேவ்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாக்கியவெல்லி பேசினதையெல்லாம் எடுத்து மூப்பர்கள் வாயில் திணித்திருக்கிறார்கள். பின்னாளில் எண்ணிப் பார்த்தவர்கள் கணக்குப்படி 160க்கும் மேற்பட்ட இடங்கள், மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காப்பி. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எல்லாக் கட்சிக்கும் ஒரு பத்திரிகையை நானே ரகசியமாக நடத்துவேன், விஷ்ணு மாதிரி என் பத்திரிகைகளுக்கு நூறு கை இருக்கும் என்று ஜோலியின் மாக்கியவெல்லி பீற்றிக்கொள்வார். மூப்பர்களும் அதே விஷ்ணு, அதே நூறு கை என்கிறார்கள்! நம்ம ஊர்க் கோயிலில் நிற்கிற பெருமாளுக்குக் கை நாலு. (விஸ்வரூபம் என்று சண்டைக்கு வராதீங்க.) ரகசியமாகக் கூடின யூத மூப்பர்களுக்கு எதுக்குங்க விஷ்ணு? காலேஜில் எங்க லேப் ரெக்கார்டில் நாற்பது பேருக்கும் ஒரே தப்பு ரீடிங், ஒரே ஸ்பெல்லிங் மிஸ்டேக் வரும். அதை வைத்துத்தான் சார் பிடிப்பார். இதுவும் அப்படித்தான்.

1921 ஆகஸ்ட் 16, 17, 18. மூன்று நாள் தொடராக டைம்ஸில் வந்தது. உலகத்தின் பெரிய பத்திரிகை, ஆதாரம் கையில், தான் முன்பு எழுதினதைத் தானே மறுக்கிறது. இதைவிட சுத்தமான மறுப்பு எந்தப் பொய்க்குமே கிடைத்திருக்காது. கதை அங்கேயே முடிந்திருக்கணும் இல்லையா?

அமெரிக்காவில் கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு தன் சொந்தப் பத்திரிகையில் 1920 மே முதல் 91 வாரம் விடாமல் இந்த சரக்கைத் தொடராக ஓட்டினார். கார் விற்கிற டீலர்கள் தலையில் அந்தப் பத்திரிகையின் சந்தா கட்டப்பட்டது. 1921ல் ஒரு நிருபர் கேட்டபோது ஃபோர்டு சொன்னதன் சாரம் இதுதான்: இப்ப நாட்டில் நடக்கிறதோட அது பொருந்துது, அவ்வளவுதான் நான் சொல்வேன். கவனிச்சீங்களா, நிஜமா பொய்யா என்ற பேச்சே இல்லை. பொருந்தினால் போதும். 1927ல் ஒரு மானநஷ்ட வழக்கில் மாட்டின பிறகுதான் மன்னிப்புக் கேட்டு, பத்திரிகையையும் மூடினார். அதற்குள் அந்தத் தொடர் புத்தகமாகி ஜெர்மனியில் நன்றாகவே விற்றிருந்தது.

ஜெர்மனியில் இது பொருந்துவதற்குக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. 1918ல் தோல்வி. ஜெயிச்சிட்டு இருக்கோம்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்த ராணுவம் திடீரென்று கையைத் தூக்கியது. யாரோ முதுகில் குத்திட்டாங்க என்ற பேச்சு கிளம்பியது. புதுசாக வந்த குடியரசு அந்தப் பழியோடவே பிறந்தது. அதன் வெளியுறவு மந்திரி வால்டர் ராத்தெனாவ், யூதர். ஐரோப்பாவின் பொருளாதாரத்தை 300 பேர்தான் தீர்மானிக்கிறார்கள், இது நல்லதில்லை என்று 1909ல் ஒரு கட்டுரையில் குறைபட்டு எழுதியிருந்தார். பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான், அந்த 300 பேரில் இவனும் ஒருத்தன் என்று கிளப்பி விட்டார்கள். 1922 ஜூன் 24, பெர்லினில் திறந்த காரில் போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டு, மேலே கையெறி குண்டும் வீசினார்கள். கொலையாளிகளுக்குக் கார் ஓட்டிய, இருபது சொச்சம் வயசுப் பையன் லைப்ஸிக் கோர்ட்டில் சொன்ன காரணங்களில் ஒன்று, ராத்தெனாவ் சீயோன் மூப்பர்களில் ஒருவர் என்பது. டைம்ஸ் மறுப்பு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

பிறகு 1925ல் ஹிட்லரின் புத்தகம். அதில் இந்தப் போலியைப் பற்றி அவர் வாதாடுகிற விதம் இருக்கே, படிச்சபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது போலி என்று ஃப்ராங்ஃபுர்ட்டர் ஸைட்டுங் பத்திரிகை வாராவாரம் அலறுகிறதே, இது நிஜம் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேணுமா என்கிறார். படி அளக்கறது யாருன்னு பெரியப்பா கேட்டாரே, அச்சு அசல் அதே கேள்வி!

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் யூத அமைப்புகள் கோர்ட்டுக்கே போனார்கள். சாட்சிகள், நிபுணர்கள் எல்லாம் விசாரித்து, இது போலி, காப்பி, அபத்தம் என்று 1935 மே மாதம் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 1937ல் மேல் கோர்ட், இது அந்தக் குறிப்பிட்ட சட்டப் பிரிவுக்குள் வராது என்று தண்டனையை ரத்து செய்தது. நாஜிகள் அதையே வெற்றி என்று கொண்டாடினார்கள். அதுக்குள்ள ஜெர்மனியில் தேர்தல் என்ற சமாச்சாரமே ஒழிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை இந்த ஒரு புத்தகத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. விலைவாசி, வேலையின்மை, பழைய மத வெறுப்பு எல்லாம் உண்டு. ஆனால் நார்மன் கோன் என்ற வரலாற்றாசிரியர் 1967ல் இதைப் பற்றி எழுதின புத்தகத்துக்கு 'இனப்படுகொலைக்கான வாரண்ட்' என்றுதான் பேர் வைத்தார்.

ஸினோவியேவ் கடிதம் 'அவனுக்கு ஓட்டுப் போடாதே' என்றது. அதுக்கு பதில் சொல்லலாம், அடுத்த தேர்தலில் சரிக்கட்டலாம். தொழிற்கட்சி 1929ல் திரும்ப ஆட்சிக்கு வந்துவிட்டது. மூப்பர்கள் சமாச்சாரம் சொல்வது, உன் ஓட்டே டூப்பு, பத்திரிகை டூப்பு, கோர்ட்டும் டூப்பு என்று. இதை ஒருத்தர் நம்பிவிட்டால் அப்புறம் எந்தப் பத்திரிகையை, எந்தத் தீர்ப்பை எடுத்துக்கிட்டுப் போய் அவரைத் திருத்த முடியும்? பொய்யைத் திருத்துற கருவிகளையே முதல்ல பிடுங்கிடுது. ஜோலி எந்த ஆபத்தைக் காட்ட ஜெயிலுக்குப் போனாரோ, அவர் எழுத்தைத் திருடியே அந்த ஆபத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். பாவம், அவர் 1878லேயே செத்துப்போனார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பில் கிரேவ்ஸ் ஒப்பிட்ட பகுதிகளைப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். முன்னுரைத் தேதியைச் சொன்னதும் முகத்தில் அந்தப் பழைய ஆபீஸ் களை வந்தது. "அப்பட்டமான காப்பிடா இது. நாலு எல்லையைக்கூட மாத்தாம அடிச்சிருக்கான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. விஷ்ணு கதையைச் சொன்னபோது பெரியம்மா உள்ளேயிருந்து, "பெருமாளையுமா விட்டுவைக்கலை?" என்றார்.

காபி வந்தது. பாதி டம்ளர் குடிச்சவர், அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரி, அந்த டைம்ஸ் பேப்பர் அப்போ யாரோடது?"

"லார்டு நார்த்கிளிஃப்னு ஒருத்தர், பெரியப்பா."

"லார்டா..." என்று இழுத்தார்.