மத்ரோன் மரத்தின் வகை கண்டோர்

1769ஆம் ஆண்டு நவம்பரில், போர்த்தொலா என்னும் தளபதியின் தலைமையில் ஸ்பானியர் சிலர் கலிபோர்னியாவில் வழி தேடிக்கொண்டிருந்தனர். உடன்சென்ற கிரெஸ்பி பாதிரியார், செங்கனி தாங்கிய மரங்களைக் கண்டு, தம் தாய்நாட்டு மரத்தின் பெயரால் 'மத்ரோன்யோ' என்று நாட்குறிப்பில் எழுதினார். அப்பெயரே மருவி மத்ரோன் ஆயிற்று. ஆயினும், கனி ஸ்பெயின் நாட்டுக் கனியினும் சிறிது என்பதையும் அவர் குறித்தார். தாவர நூல் கற்றவரல்லர். கண் மட்டும் கூரியது!

1792 மே மாதத்தில், வான்கூவரின் கப்பலில் வந்த மருத்துவர் மென்சீஸ் வடக்கே அம்மரத்தைக் கண்டார். அவர் கருத்தைக் கவர்ந்தவை வெண்பூங்கொத்தும், வழவழப்பான செம்பட்டையும். அப்பட்டை ஆண்டுதோறும் தாள்போல் உரியும். கிரேக்கம், துருக்கி முதலிய நாடுகளில் வளரும் செம்பட்டை மரமே இதுவென அவர் கொண்டார். கனியைக் கண்டவருக்கு ஸ்பெயின்; பட்டையைக் கண்டவருக்குக் கிரேக்கம்.

இரண்டுமன்று, இது தனியினம் என்று நிறுவியவர் பர்ஷ். 1814ஆம் ஆண்டிட்ட தம் நூலில் 'ஆர்புடஸ் மென்சீசி' எனப் பெயரிட்டார். நம் நீலகிரிக் காட்டுப்பூவரசும் இதன் குடும்பமாகிய எரிக்கேசியைச் சேர்ந்ததே.

வழக்கு அங்கே முடியவில்லை. 2001இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, மத்தியதரைக்கடல் நாட்டு ஆர்புடஸ் மரங்கள் மத்ரோனைவிட, மன்சனிதா என்னும் அமெரிக்கப் புதர்ச்செடிக்கே நெருங்கிய உறவின எனக் காட்டிற்று. ஆயினும் நூல்களில் இன்றும் இவ்விரு கரை மரங்களுக்கும் ஆர்புடஸ் என்பதே பேரினப் பெயர்.