ஜான் மெக்லெண்டன்

ஜான் மெக்லெண்டன் (ஏப்ரல் 5, 1915 – அக்டோபர் 8, 1999) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கூடைப்பந்துப் பயிற்றுனர் ஆவார். கறுப்பினக் கல்லூரி அணிகள் வெள்ளையர் அணிகளுடன் விளையாட இயலாதிருந்த காலத்தில் பயிற்சிப் பணியைத் தொடங்கிய இவர், விரைவை அடிப்படையாகக் கொண்ட ஆட்ட முறையை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர். தேசியக் கல்லூரிப் பட்டம் ஒன்றைத் தொடர்ந்து மூன்று முறை வென்ற முதற் பயிற்றுனரும் இவரே.

இளமையும் கல்வியும்

மெக்லெண்டன் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹையாவாதா என்னும் ஊரில் பிறந்தார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயின்றார். அங்கு அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர், 1891 இல் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்சுமித். ஆனால் கறுப்பின மாணவர்களுக்குப் பல்கலைக்கழக அணியில் இடமளிக்கப்படவில்லை. எனவே ஆட்டத்தை அதன் கண்டுபிடிப்பாளரிடமே கற்ற மெக்லெண்டன், அப்பல்கலைக்கழகத்திற்காக ஒருமுறையேனும் களமிறங்க முடியவில்லை. 1936 இல் பட்டம் பெற்ற பின் அயோவா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

ஆட்ட முறை

வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில், கறுப்பினத்தவருக்கான வட கரோலினாக் கல்லூரியில் (இன்றைய வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம்) 1940 முதல் 1952 வரை தலைமைப் பயிற்றுனராகப் பணியாற்றினார். அக்காலத்தில் பந்தை மெதுவாக நகர்த்தி, நின்று குறிபார்த்து எறியும் முறையே பரவலாக இருந்தது. மெக்லெண்டனின் அணியோ பந்து கைக்கு வந்தவுடன், எதிரணியினர் தற்காப்புக்கு அணிவகுக்கும் முன்பே மறுமுனைக் கூடையை நோக்கி விரைந்தது. பந்தை இழந்தால், களத்தின் முழு நீளத்திலும் எதிரணியை நெருக்கி அதனை மீட்க முயன்றது. இதற்குத் தேவையான உடல் வலிமைக்காக மாணவர்களை நெடுந்தொலைவு ஓடப் பழக்கினார்.

முன்னிலை பெற்ற அணி, நால்வரை நான்கு மூலைகளில் நிறுத்திப் பந்தைத் தன்வசம் வைத்திருக்கும் உத்தியையும் இவர் கையாண்டார். பிற்காலத்தில் டீன் சிமித் என்னும் பயிற்றுனர் வழியாக இது புகழ்பெற்றது.

இரகசிய ஆட்டம்

1944 ஆம் ஆண்டு மார்ச் 12 ஞாயிற்றுக்கிழமை காலை, நகர மக்கள் தேவாலயங்களில் இருந்த வேளையில், டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணி மெக்லெண்டனின் கல்லூரிக்கு இரகசியமாக வந்தது. உடற்பயிற்சிக் கூடத்தின் கதவுகள் பூட்டப்பட்டன, பார்வையாளர் அனுமதிக்கப்படவில்லை. இன ஒதுக்கல் நிலவிய அம்மாநிலத்தில் இத்தகைய ஆட்டம் வீரர்களுக்கும் பயிற்றுனருக்கும் பெரும் ஆபத்தை விளைவித்திருக்கக் கூடும். மெக்லெண்டனின் அணி 88–44 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. அதன் பின் இரு அணியினரும் கலந்து மற்றோர் ஆட்டம் ஆடினர். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வெளியுலகம் அறியாதிருந்த இந்நிகழ்வை, வரலாற்றாய்வாளர் ஸ்காட் எல்ஸ்வர்த் 1996 இல் வெளிக்கொணர்ந்தார்.

பட்டங்களும் பிற பணிகளும்

1954 இல் டென்னசி மாநிலக் கல்லூரியின் பயிற்றுனரானார். 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவரது அணி, சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றது. அனைத்து இனத்தவரும் பங்கேற்ற தேசியப் போட்டியொன்றில் கறுப்பினக் கல்லூரி பட்டம் பெற்றது அதுவே முதன்முறையாகும்.

பின்னர் கிளீவ்லாந்து பைப்பர்ஸ் என்னும் தொழில்முறை அணிக்குப் பயிற்சியளித்தார். அணி உரிமையாளருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1962 இல் விலகினார். 1966 இல் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று, வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பல்கலைக்கழகமொன்றின் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்றுனரான முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக் போட்டியில் அமெரிக்க அணியின் பயிற்சிக் குழுவில் இடம்பெற்றார்.

மதிப்பீடு

மெக்லெண்டன் 1979 இல் நெய்சுமித் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஆயினும் அப்போது 'பங்களிப்பாளர்' என்ற பிரிவிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. பயிற்றுனர் என்ற வகையில் அவர் ஏற்கப்பட்டது 2016 இல், அதாவது அவர் இறந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகே. இன ஒதுக்கல் காலத்தில் கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டங்களைப் பெரிய செய்தித்தாள்கள் பெரும்பாலும் கவனிக்கவில்லை. அதனால் அவரது உத்திகள் பரவிய அளவுக்கு அவரது பெயர் பரவவில்லை.

தமிழ்நாட்டுத் தொடர்பு

மெக்லெண்டனின் ஆசிரியரான நெய்சுமித் கூடைப்பந்தை உருவாக்கியது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆகும். அதே நிறுவனத்தில் பயின்ற ஹாரி குரோ பக் 1920 இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை நிறுவினார். இன்று நந்தனத்தில் இயங்கும் அக்கல்லூரி, இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிய முன்னோடி நிறுவனமாகும். ஒரே பள்ளியில் தோன்றிய மரபு, ஒருபுறம் மெக்லெண்டனையும் மறுபுறம் தமிழ்நாட்டின் விளையாட்டுத் திடல்களையும் அடைந்தது.